கியர் மாற்றாத பெட்டிக்கு எண்ணெய் போட்ட கதை

கள்ளக்குறிச்சி பஸ் டெப்போவில் நான் எழுத்தராக இருந்த பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ டிரைவர்களின் உடம்பைப் பற்றி டைப் அடித்திருக்கிறேன். ஒருவருக்குக் கண், ஒருவருக்கு முதுகு, ஒருவருக்குச் சர்க்கரை. தனசேகரனுக்கு இடது முழங்கால். ஒரு முழங்காலைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள், கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலை வழியாகக் கரியாலூர் போகிற பஸ்ஸில், டிரைவருக்குப் பக்கத்தில் இஞ்சின் மூடி மேல் உட்கார்ந்து ஒரு தடவை போய்விட்டு வரட்டும்.

மலை ரோட்டில் வளைவுக்கு வளைவு கிளட்சை மிதித்து கியரைக் குறைக்க வேண்டும். வளைவு முடிந்ததும் மறுபடி மிதித்துக் கூட்ட வேண்டும். அந்தக் காலத்து பஸ்ஸில் கிளட்ச் என்பது அமுக்குகிற சாமான் இல்லை, உதைக்கிற சாமான். கண்டக்டர் அய்யனார் கூட்டம் இல்லாத ஒரு நாள் எண்ணிப் பார்த்திருக்கிறார். மேலே ஏற நூற்று நாற்பத்திரண்டு மிதி, இறங்குவதற்கு அதைவிடக் கொஞ்சம் கம்மி. ஒரு நாளைக்கு இரண்டு நடை, பதினோரு வருஷம். இந்தக் கணக்கை நான் ஒரு நாள் மத்தியானம் பெருக்கிப் பார்க்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன், சாப்பாடு இறங்கவில்லை.

மற்றபடி தனசேகரன் குறை சொல்ல முடியாத மனுஷன். ஒரே ஒரு கிறுக்கு உண்டு. எங்கேயாவது இரும்பு கிரீச்சிட்டால் அவருக்குப் பொறுக்காது. ஸீட்டுக்கு அடியில் மூக்கு நீண்ட எண்ணெய்க் குப்பி ஒன்று வைத்திருப்பார். பஸ் கதவுக் கீல், ஜன்னல் ஷட்டர், டீக்கடை பெஞ்சின் இரும்புக் கால் என்று கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒரு சொட்டு விடுவார். என் டைப்ரைட்டருக்கும் விட்டார். அடுத்த பதினைந்து நாள் எங்கள் டெப்போவிலிருந்து போன கடிதம் எல்லாம் எண்ணெய்க் கறையோடு போனது. உராய்வு இருக்கும் இடத்தில் லட்சுமி தங்கமாட்டாள் என்பது மாதிரி ஒரு நம்பிக்கை அவருக்கு.

எங்கள் கிளை மேலாளர் வெங்கடேசன். அவரிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. கியரும் கிடையாது, கிளட்சும் கிடையாது. கைப்பிடியைத் திருகினால் போகும், விட்டால் நிற்கும். ஊரில் அப்போது அந்த மாதிரி வண்டி நான்கோ ஐந்தோதான். காலையில் அவர் வந்து இறங்கும்போது தனசேகரன் எழுந்து நின்று வணக்கம் வைப்பார். கண் மட்டும் மேலாளரின் இடது காலில் இருக்கும். அந்தக் கால் வீட்டிலிருந்து டெப்போ வரை ஒரு வேலையும் செய்யாமல் வந்திருக்கிறதே என்ற பொறாமை.

ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"சார், கியரு இல்லாம இது எப்படி சார் மேட்டுல ஏறுது?"

"அதுவே பாத்துக்கும்யா."

"எது சார் பாத்துக்கும்?"

மேலாளர் கொஞ்சம் யோசித்தார். "உள்ள ஒரு பெல்ட்டு இருக்குது. பெரிசாவும், சின்னதாவும். அதெல்லாம் ஜப்பான்காரன் மூளை. உனக்கு எதுக்கு?"

பெல்ட் பெரிதும் ஆகாது, சின்னதும் ஆகாது. அது ஓடுகிற இரண்டு சக்கரங்கள்தான் அகன்றும் குறுகியும் கொடுக்கும் என்று பிற்பாடு நான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் மேலாளர் முன்னால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். என் சுபாவம் அப்படி.

1987 ஆகஸ்டில் தனசேகரனின் முழங்கால் மடங்க மறுத்தது. எலும்பு டாக்டர், "இன்னும் ஒரு வருஷம் அந்த மலையில் கிளட்ச் மிதித்தால் அப்புறம் கால் கோல் மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார். அக்டோபரில் மருத்துவக் குழு முன்னால் ஆஜராக வேண்டும், அதுவரை மலை வண்டிதான். தகுதி உண்டு என்றால் மறுபடி மலை. தகுதி இல்லை என்றால் வீடு, அதுவும் வெறுங்கையோடு. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சந்து இருந்தது. டெப்போவின் பயிற்சி அறையில், புது டிரைவர்களுக்கு இஞ்சின் பாகங்களைக் காட்டி விளக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. உட்கார்ந்த இடத்து வேலை. அதற்கு மேலாளரின் குறிப்பு வேண்டும். குழுவில் இருக்கிற டாக்டர்கள் முழங்காலைத் தொட்டுப் பார்ப்பதைவிட மேலாளரின் குறிப்பைப் படித்துப் பார்ப்பதுதான் வழக்கம். காகிதத்துக்கு வலிக்காது, சீக்கிரம் வேலை முடியும்.

தனசேகரன் போய் நின்றார். மேலாளர் நல்ல மனநிலையில் இருந்தார்.

"உனக்குப் பாடம் நடத்த வருமாய்யா?"

"டிப்ரன்ஷல் பத்திக் கேளுங்க சார். பொழுது சாயற வரிக்கும் சொல்லுவேன்."

"வாயில சொல்றத யாரு கேப்பா? ஆயுத பூஜைக்கு எல்லாரும் இருப்பாங்க. கண்ணுல பாக்கற மாதிரி ஏதாவது செஞ்சு காட்டு. நல்லா இருந்தா எழுதிடறேன்."

அதற்குள் மறியல் வந்துவிட்டது. இடஒதுக்கீட்டில் தங்கள் சாதிக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று சங்கத்துக்காரர்கள் செப்டம்பர் நடுவில் ஒரு வாரச் சாலை மறியல் அறிவித்திருந்தார்கள். தனசேகரனின் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அதில் இருந்தார்கள். அவரும் கூட்டம் என்றால் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருகிறவர்தான். ஆனால் ரோட்டுக்குக் குறுக்கே மரத்தை வெட்டிப் போட்டால் டிரைவருக்கு உறவெல்லாம் மறந்துபோகிறது, கோபம் மட்டும்தான் மிஞ்சுகிறது. நான் எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். 'பஸ்கள் வழக்கம்போல் இயங்கும்' என்ற அறிவிப்பை டைப் அடித்து போர்டில் ஒட்டியது நான்தான். மறியல் நியாயமானது என்று டீக்கடையில் தலையாட்டியதும் நான்தான்.

அந்த அறிவிப்பை நம்பி முதல் நாள் விடியலில் தனசேகரனும் அய்யனாரும் மலை ஏறினார்கள். அவர்கள் ஏறிய கொஞ்ச நேரத்தில் பின்னாலேயே மலையடிவாரத்தில் புளியமரம் ஒன்று ரோட்டின் குறுக்கே விழுந்தது. அதன் மேல் இன்னொன்று. ஏழு நாள் பஸ் கரியாலூரை விட்டு நகரவில்லை. கீழே அந்த ஏழு நாளில் துப்பாக்கிச் சூடு நடந்தது, ஆட்கள் செத்தார்கள், வீடுகள் எரிந்தன. அதைப் பற்றி எழுதும்போது எனக்குக் கேலி வராது. மேலே அதெல்லாம் யாரோ ஒருவரின் ரேடியோவில் அரைகுறையாகக் கேட்டது, அவ்வளவுதான்.

பஸ் நின்ற இடத்துக்கு எதிரே பால்வாடி. அதன் டீச்சர் அம்சவள்ளி, உளுந்தூர்பேட்டைப் பக்கம் களமருதூர்க்காரர். அவரும் ஊருக்குப் போக முடியாமல் மாட்டிக்கொண்டவர். பால்வாடிக்கு ஒரு வெளிநாட்டு தர்ம ஸ்தாபனம் முந்தின வருஷம் ஒரு பெட்டி விளையாட்டுச் சாமான் அனுப்பியிருந்தது. ஒன்றோடு ஒன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டைகள், ஓட்டை போட்ட பட்டைகள், குச்சிகள், பல் சக்கரங்கள், ஒரு சின்ன மோட்டார். எப்படிச் சேர்ப்பது என்று சொல்லும் புத்தகத்தைக் கரையான் படித்து முடித்துவிட்டது. பிள்ளைகள் கட்டைகளை வைத்து முற்றத்துச் செம்மண்ணில் தவளைக்கு வீடு கட்டினார்கள். பல் சக்கரங்களால் மண்ணில் கோலம் உருட்டினார்கள். பிறகு எல்லாவற்றையும் அள்ளி ஒரு சாக்கில் போட்டுவைத்திருந்தார் டீச்சர்.

இரண்டாம் நாள் சும்மா உட்கார்ந்திருந்த தனசேகரன் அந்தச் சாக்கில் கையை விட்டார். கையில் வந்தது ஒரு சின்னக் கூடு. கூட்டின் வெளியே பல், உள்ளே மூன்று குட்டிப் பல் சக்கரம். இரண்டு பக்கமும் குச்சி செருக ஓட்டை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் அய்யனாரைக் கூப்பிட்டார்.

"டேய், இது இன்னான்னு தெரியுதா? நம்ம வண்டி பின்னாடி ஆக்சில் நடுவுல குண்டா தொங்குதே, அதாண்டா. டிப்ரன்ஷல்."

"இத்தினிக்காண்டா ணா?"

"இத்தினிக்காண்டுதான். வேல அதே வேல."

அந்த வேலை என்ன என்பதை அவர் டீச்சருக்கு விளக்கியதாக அய்யனார் சொல்லித்தான் எனக்கும் புரிந்தது. இரண்டு பக்கமும் குச்சி செருகிக் கூட்டைச் சுற்றினால் இரண்டு குச்சியும் சுற்றும். ஒரு குச்சியை விரலால் பிடித்து நிறுத்தினால் மற்றது இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். எந்தப் பக்கம் சுலபமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓட்டம் போய்விடும். பஸ் வளைவில் திரும்பும்போது உள் சக்கரம் மெதுவாகவும் வெளிச் சக்கரம் வேகமாகவும் ஓடுவது இதனால்தான். ஒரு சக்கரம் சேற்றில் மாட்டினால் அது மட்டும் வெறிபிடித்துச் சுற்ற, கெட்டித் தரையில் இருக்கிற மற்றச் சக்கரம் அசையாமல் நிற்பதும் இதனால்தான்.

"அப்ப வழுக்கற பக்கந்தான் எல்லாம் போவுமா?" என்று டீச்சர் கேட்டார்.

"ஆமா டீச்சர். கெட்டியா நிக்கறவனுக்கு ஒண்ணும் கெடைக்காது."

சாக்கைக் கொட்டித் தேடியதில் இன்னொரு கூடும் கிடைத்தது. அங்கேதான் தனசேகரனுக்கு மேலாளரின் ஸ்கூட்டர் ஞாபகம் வந்தது. பெல்ட் இல்லாமலே தானாகக் கியர் மாறினால் என்ன?

மூன்று நாள் பால்வாடித் திண்டில் காலை நீட்டி உட்கார்ந்து கட்டினார், பிரித்தார், கட்டினார். கடைசியில் நின்ற கியர் பெட்டி இதுதான். மோட்டார் முதல் கூட்டைச் சுற்றும். அதிலிருந்து இரண்டு தண்டு புறப்படும். ஒரு தண்டு நேர் வழி, எந்தக் குறைப்பும் இல்லாமல் இரண்டாவது கூட்டுக்குப் போகும். அதில் வேகம் உண்டு, வலு கிடையாது. மற்ற தண்டு சுற்று வழி, பல் சக்கரங்கள் வழியாக ஐந்து சுற்றுக்கு ஒரு சுற்றாகக் குறைந்து போகும். அதில் வேகம் கம்மி, வலு ஜாஸ்தி. இரண்டும் இரண்டாவது கூட்டுக்குள் சேர்ந்து, அங்கிருந்து ஒரே ஓட்டமாக வெளியே வந்து ஒரு நூலைச் சுற்றும். முதல் கூடு பிரிக்கிறது, இரண்டாவது கூடு சேர்க்கிறது. எந்த வழியில் எவ்வளவு போக வேண்டும் என்பதை யாரும் கையால் மாற்ற வேண்டாம், சுமையே முடிவு செய்துகொள்ளும்.

மோட்டாருக்கு அய்யனாரின் டார்ச்சிலிருந்து செல்களை எடுத்துப் போட்டார்கள். நூலை ஜன்னல் கம்பி மேல் போட்டு மறு நுனியில் பித்தளைச் சொம்பைக் கட்டினார்கள். காலிச் சொம்பு சரசரவென்று ஏறியது. பாதியில் இருக்கும்போதே டீச்சர் ஒரு டம்ளர் தண்ணீரை அதில் ஊற்றினார். சொம்பு நிற்கவில்லை, கொஞ்சம் தயங்கி மெதுவாக ஏறியது. இன்னொரு டம்ளர். இன்னும் மெதுவாக. நேர்த் தண்டு ஓய்ந்துகொண்டே வர, சுற்றுத் தண்டு வேகமெடுத்துக்கொண்டே வந்தது. வாய் விளிம்பு வரை நிரம்பிய சொம்பு நத்தை மாதிரி ஊர்ந்து கம்பியைத் தொட்டது. இடையில் எங்கேயும் வெட்டு இல்லை, குலுக்கல் இல்லை, கிளட்ச் இல்லை. தனசேகரன் தன் இடது முழங்காலைத் தடவிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். கண் கலங்கியிருந்தது என்று அய்யனார் சொல்கிறார். நான் நம்புகிறேன்.

டீச்சர் மட்டும் ஒரு தண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏன் இது ரெண்டும் இவ்ளோ டைட்டா சுத்துது? இந்தச் சுத்துத் தண்டு இன்னும் ஜாஸ்தி டைட்டா கீது."

"ஓட்டைல எல்லாம் மண்ணு டீச்சர். உங்க புள்ளைங்க வேல. கீழ போயி கழுவி எண்ண போட்டுட்டா இதவுட ஜோராப் போவும்."

அறிவுள்ள கேள்வி, அறிவில்லாத பதில். ஆனால் அந்தப் பதிலைச் சொல்லாத ஒரு டிரைவரையோ மெக்கானிக்கையோ இந்த ஜில்லாவில் காட்டுங்கள் பார்க்கலாம். இறுக்கம் என்றால் கெட்டது, எண்ணெய் என்றால் நல்லது. அதைத்தான் எல்லா டெப்போ சுவரிலும் எழுதிவைத்திருக்கிறோம்.

மறியல் முடிந்து மரங்களை அகற்றியதும், திருப்பித் தருவதாக டீச்சரிடம் சொல்லித் தனசேகரன் பெட்டியை மடியில் வைத்துக் கொண்டுவந்து சேர்ந்தார். அய்யனார் ஓட்டுநர் இல்லை என்பதால் பஸ்ஸை அவரேதான் ஓட்ட வேண்டியிருந்தது. ஆகவே மடி என்பது அய்யனாரின் மடி.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. எங்கள் டெப்போவில் அன்றைக்கு ஸ்பேனர் முதல் ஜாக்கி வரை எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசி, பொட்டு வைத்து, சாமி படத்துக்கு முன்னால் தரையில் வரிசையாக வைப்போம். பஸ்களுக்கு வாழைக்கன்று கட்டுவோம். டிக்கெட்டில் ஓட்டை போடும் பஞ்சுக்கும் என் டைப்ரைட்டருக்கும்கூடச் சந்தனம் உண்டு. தனசேகரன் முந்தின நாள் சாயங்காலம் தன் பெட்டியைக் கடைசிக் குச்சி வரை பிரித்தார். மண்ணெண்ணெய் பிளாஸ்டிக்குக்கு ஆகாது என்று சோப்புத் தண்ணீரில் போட்டார். ஒவ்வொரு ஓட்டையையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். கரியாலூர்ச் செம்மண் ஒரு வாளி தண்ணீரைச் சிவப்பாக்கியது. காயவைத்துத் திரும்பவும் கட்டி, மூக்கு நீண்ட குப்பியால் தண்டுக்குத் தண்டு ஒரு சொட்டு விட்டார். விரலால் சுண்டினால் தண்டு அரை நிமிஷம் நிற்காமல் சுற்றியது. அப்படியொரு திருப்தி அவர் முகத்தில். எனக்கும் கூப்பிட்டுக் காட்டினார். நானும் பிரமாதம் என்றேன்.

பூஜையன்று ஐம்பது அறுபது பேர் இருந்தோம். ஆரத்தி முடிந்ததும் மேலாளர் கையில் சுண்டல் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"ஓட்டிக் காட்டுய்யா. எடத்த வுட்டு மட்டும் எடுக்காத. பூஜைக்கு வெச்ச ஆயுதத்த நாளைக்கு வரிக்கும் தூக்கக் கூடாது."

பெட்டி தரையில் மணைப்பலகை மேல் இருந்தது. நூலை மேலே டூல் ஸ்டாண்டுக் கம்பி மேல் போட்டு மறுபக்கம் சொம்பைக் கட்டியிருந்தார். தனசேகரன் நின்றபடியே, பாடம் நடத்துகிற குரலில், கூடு, நேர் வழி, சுற்று வழி எல்லாவற்றையும் சொன்னார். நன்றாகவே சொன்னார். பிறகு குனிந்து ஸ்விட்சைப் போட்டார்.

மோட்டார் ஜோராகச் சுற்றியது. சொம்பு ஒரு சாண் எழும்பியது, நின்றது, இறங்கித் தரையில் உட்கார்ந்தது. பெட்டிக்குள் அமர்க்களமாக ஓட்டம். சுற்றுத் தண்டு முன்னால் ஓடுகிறது, நேர்த் தண்டு எதிர்த் திசையில் பின்னால் ஓடுகிறது. இரண்டும் இரண்டாவது கூட்டுக்குள் போய் ஒன்றை ஒன்று கழித்துக்கொண்டு பூஜ்யமாகின்றன. நூல் அசையவில்லை. மோட்டாரின் சக்தி முழுக்க, எதிர்ப்பே இல்லாத ஒரு வட்டத்தில் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ சிரித்தார்கள்.

கரியாலூரில் அந்தத் தண்டுகளைப் பிடித்துவைத்திருந்தது மண். நேர்த் தண்டைப் பின்னால் ஓடவிடாமல் தடுத்ததும், சுமை லேசாக இருக்கும்போது சுற்றுத் தண்டைச் சும்மா இருக்கச் சொன்னதும் அந்த இறுக்கம்தான். தடை இருந்ததால்தான் பெட்டிக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரிந்திருந்தது. அதைத்தான் சோப்புப் போட்டுக் கழுவி வாளியோடு கொட்டிவிட்டார்.

அவருக்கு இது பிடிபட ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். முகம் வெளுத்தது. பிறகு தரையில் குந்தினார், சாமி படத்துக்கு முன்னால் காலை நீட்டி உட்கார முடியுமா? அந்த முழங்காலை மடக்கிக் குந்தியதைப் பார்த்து எனக்கே பல் கூசியது. இரண்டு கட்டை விரலையும் இரண்டு தண்டின் மேல் வைத்தார். சுற்றுத் தண்டை அழுத்தினார், சொம்பு விர்ரென்று ஏறியது. அய்யனார் தண்ணீர் ஊற்ற ஊற்ற அந்த அழுத்தத்தைத் தளர்த்தி நேர்த் தண்டின் மேல் ஏற்றினார். சொம்பு மெதுவாக, மெதுவாக, ஆனால் நிற்காமல் ஏறியது. மலையில் மண் செய்த வேலையை இப்போது அவர் விரல் செய்தது.

சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். மேலாளருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"இந்தப் பூசணிக்காயத் தூக்குமாய்யா?"

திருஷ்டிக்கு உடைக்க வைத்திருந்த சின்னப் பூசணி, இரண்டு கிலோ இருக்கும். தூக்கியது. கட்டை விரல் தோல் சிவக்கச் சிவக்க, இம்மி இம்மியாகத் தூக்கியது. மறுபடி ஒரு தடவை, டிராஃபிக் இன்ஸ்பெக்டருக்காக. மறுபடி ஒரு தடவை, மேலாளர் வீட்டம்மாவுக்காக. இருபத்தைந்து நிமிஷம் தனசேகரன் அந்தக் குந்தலிலிருந்து எழவில்லை. எழுந்தால் விரல் எட்டாது. விரல் எட்டாவிட்டால் பெட்டி ஓடாது. பெட்டி ஓடாவிட்டால் பயிற்சி அறை கிடையாது. நெற்றியில் வேர்வை வழிந்து திருநீறு கரைந்து மூக்கில் நின்றது. முகத்தில் சிரிப்பு மட்டும் மாறவில்லை.

கடைசியில் எல்லோரும் கை தட்டினார்கள். மேலாளர் சுண்டல் பொட்டலத்தைப் பிரிக்கத் திரும்பினார். அந்த நேரத்தில்தான் அய்யனார் தனசேகரனின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து, மூட்டையைத் தூக்குகிற மாதிரித் தூக்கி நிறுத்தினார். நான் நாலடி தூரத்தில் நின்று பார்த்தேன். தனசேகரன் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். மேலாளர் திரும்பியபோது அவர் நேராக நின்றுகொண்டிருந்தார், மரியாதைக்காக.

"பிரமாதம்யா தனசேகரன்," என்று மேலாளர் அவர் தோளைத் தட்டினார். "நல்லா எழுதிடறேன்."

சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டுக் குறிப்பைச் சொல்லச் சொல்ல, நான் டைப் அடித்தேன். இரண்டு கார்பன் காப்பி. 'மேற்படி ஓட்டுநர் தமது இடது முழங்கால் மடங்கவில்லை என்று விண்ணப்பித்துள்ளார். ஆயினும் ஆயுத பூஜை தினத்தன்று எனது முன்னிலையிலும் ஏனைய ஊழியர்கள் முன்னிலையிலும் இருபத்தைந்து நிமிடங்கள் தொடர்ந்து குந்தி அமர்ந்து இயந்திரச் செயல்முறை விளக்கம் அளித்தார். பின்னர் இயல்பாக எழுந்து நின்றார். முழங்காலில் குறை ஏதும் தென்படவில்லை. மலைத் தடத்தில் பணிபுரிய முழுத் தகுதி உடையவர். அவரது இயந்திர அறிவும் பாராட்டத்தக்கது.'

'இயல்பாக' என்ற இடத்தில் என் விரல் ஒரு கணம் நின்றது. மேலாளர் அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன்.

"இல்லய்யா, அவனை கிளாஸ்ல ஒக்கார வெச்சிட்டா மலைக்கு யாரு போவா? ஒருத்தனும் போவ மாட்டேன்றான். கால் நல்லாத்தான் இருக்குது, நீயும் பாத்தீல்ல."

"பாத்தேன் சார்," என்றேன். பாராவை முடித்துப் புள்ளி வைத்தேன்.

மருத்துவக் குழு குறிப்பைப் படித்தது, தகுதி என்று முத்திரை குத்தியது. அந்தத் தாளோடு தனசேகரன் என் மேஜைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தால் எழுவது கஷ்டம் என்று நின்றுகொண்டே இருந்தார். குறிப்பின் காப்பி ஒன்று அவர் கையில் இருந்தது. அதை முழுக்கப் படித்திருந்தார்.

"சார், அய்யனாரு என்னத் தூக்கி நிறுத்தனத நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"அப்புறம் எழுந்து நின்னேன்னு அடிச்சிருக்கீங்களே."

"அவரு சொன்னாரு. அடிச்சேன்."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

"செரி சார்," என்றார். "நீங்க ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

வெளியே அய்யனார் விசில் அடித்தார். கரியாலூர் வண்டிக்கு நேரமாகியிருந்தது. தனசேகரன் படியில் வலது காலை வைத்து, இடது காலைக் கையால் தூக்கி உள்ளே போட்டுக்கொண்டு, ஸீட்டில் ஏறி உட்கார்ந்தார்.